பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருந்தும் என் பொறியியல் பட்டத்தை ஏன் ஏற்கவில்லை?

வெளிநாட்டுப் பொறியாளர் அமைப்பு உங்கள் பட்டத்தை ஏற்கவில்லை என்று பதில் அனுப்பியதால், அது செல்லாது என்று அர்த்தமில்லை. அந்த அமைப்பு பார்ப்பது பல்கலைக்கழகத்தை அல்ல, நீங்கள் படித்த அந்தக் குறிப்பிட்ட படிப்பை. பொறியியல் படிப்புகளுக்குத் தரும் அங்கீகாரத்தைப் பல நாடுகளின் அமைப்புகள் ஒன்றுக்கொன்று ஏற்க 1989-ல் உருவான வாஷிங்டன் ஒப்பந்தமும் இப்படித்தான். ஒரே கல்லூரியில் சிவில் படிப்புக்கு அங்கீகாரம் இருக்கும், மெக்கானிக்கலுக்கு இருக்காது.

அங்கீகாரத்துக்குக் காலவரம்பும் உண்டு. உங்கள் சிக்கல் அனேகமாக இங்கேதான்: நீங்கள் தேறிய ஆண்டு அந்த வரம்புக்கு வெளியே விழுந்திருக்கலாம்.

அங்கீகாரம் தந்த அமைப்பின் பட்டியலைத் திறந்து பாருங்கள். சான்றிதழில் உள்ள படிப்பின் பெயர் எழுத்துக்கு எழுத்து அதில் இருக்கிறதா, உங்கள் வளாகம்தானா, ஆண்டு பொருந்துகிறதா? மூன்றும் சரி என்றால், பல்கலைக்கழகப் பதிவாளரிடம் உறுதிக் கடிதம் வாங்கி மறுபரிசீலனை கேளுங்கள். ஆண்டு மட்டும் பொருந்தாவிட்டாலும் மனம் தளர வேண்டாம். தனிநபர் கல்வி மதிப்பீடு என்ற வழி பல அமைப்புகளில் உண்டு. பாடத்திட்டம், மதிப்பெண் பட்டியல் எல்லாம் கேட்பார்கள், இப்போதே எடுத்து வையுங்கள்.

ஒன்று மட்டும்: பட்டியலில் படிப்பின் பெயர் இருந்தாலும் பொறியாளர் உரிமம் தானாக வந்துவிடாது. கல்வித் தகுதி மட்டுமே ஏற்கப்படும். அனுபவம், தேர்வு போன்ற நிபந்தனைகள் தனி.