எஃப்.டி.யை உடைத்து கார்டு கடனைக் கட்டலாமா?

கேள்வி: வயது 36. தனியார் கம்பெனியில் மாதம் 42,000 ரூபாய் சம்பளம். அப்பாவின் ஆபரேஷன் சமயத்தில் கிரெடிட் கார்டைத் தேய்த்தேன். அது இன்று 1,80,000 ரூபாய் கடனாக நிற்கிறது. மாதம் 9,000 கட்டியும் குறைந்தபாடில்லை. பேங்கில் என் பெயரில் 2,50,000 ரூபாய்க்கு 7 சதவீத எஃப்.டி. இருக்கிறது. அதை உடைக்கலாம் என்றால், ‘நம்மகிட்ட இருக்கிறதே அதுதான், அதையும் தொடாதீங்க’ என்கிறார் மனைவி. என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: உடையுங்கள். ஆனால் முழுவதையும் செலவழிக்க வேண்டாம், மனைவிக்குத் தெரியாமலும் வேண்டாம்.

கார்டு ஸ்டேட்மென்ட்டில் வட்டி என்று ஒரு வரி இருக்கும், பாருங்கள். பல கார்டுகளில் அது மாதம் மூன்றரை சதவீதத்தை ஒட்டி இருக்கும். மாதக் கணக்கில் சொல்வதால் சின்னதாகத் தெரிகிறது, வருடத்துக்கு 42 சதவீதம்! 1,80,000-க்கு மாத வட்டி 6,300. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 1,134. ஆக, 7,434 ரூபாய். நீங்கள் கட்டும் 9,000-ல் அசலுக்குப் போவது வெறும் 1,566. யானைப் பசிக்குச் சோளப்பொரி. இதற்கிடையே அதே கார்டில் மளிகை, பெட்ரோல் என்று போட்டிருந்தால் அந்த 1,566-ம் காணாமல் போயிருக்கும். பாக்கி நிற்கும் கார்டில் புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது, தேய்த்த தேதியிலிருந்தே வட்டி ஓடும். கார்டு எடுத்துக்கொள்ளச் சொல்லி போன் செய்கிறவர்கள் இதையெல்லாம் எங்கே சொல்கிறார்கள்?

எஃப்.டி.யில் உங்களுக்கு வருவது மாதம் சுமார் 1,458. அதைத் தொடாமல் வைத்திருக்கத்தான் மாதாமாதம் 7,434 அழுகிறீர்கள். முன்கூட்டியே உடைத்தால், பணம் இருந்த காலத்துக்கான வட்டி விகிதத்தில் பொதுவாக அரை முதல் ஒரு சதவீதம் குறைப்பார்கள். அந்த நஷ்டம் பெரும்பாலும் கார்டின் ஒரு மாத வட்டிக்குள் அடங்கிவிடும். கார்டு கடனை இஎம்ஐ-யாக மாற்றித் தருகிறோம் என்று பேங்கில் சொல்வார்கள். கையில் பணம் இல்லாதவருக்கு அது சரி, உங்களுக்குத் தேவையில்லை.

இனி உங்கள் மனைவி. கணக்கில் அவர் சொல்வது தப்பு, பயத்தில் தப்பில்லை. கடனை அடைத்த ஆறே மாதத்தில் கார்டை மறுபடி நிரப்பிவிட்டு, எஃப்.டி.யும் இல்லாமல் நிற்கிறவர்கள் எனக்கும் கடிதம் எழுதுகிறார்கள். அவர் அந்த ஸ்டேட்மென்ட்டை ஒரு தடவையாவது பார்த்திருக்கிறாரா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. முதலில் காட்டுங்கள். மிச்சமாகும் ஏறக்குறைய 70,000-ஐ அவர் பெயரிலேயே புது எஃப்.டி.யாகப் போடுங்கள். அப்பாவுக்கு மறுபடி ஏதாவது என்றால் ஓடுவதற்கு அது. அப்புறம், இப்போது கார்டுக்குப் போகும் 9,000-ஐ அதே தேதியில் ஆர்.டி.க்கு, அதாவது மாதாமாதம் பணம் போடும் சேமிப்புக்குத் திருப்பிவிடுங்கள். 20 மாதத்தில் 1,80,000 திரும்பி வந்துவிடும், வட்டி தனி. இதை அவரிடம் காகிதத்தில் எழுதிக் காட்டினால், வாய்ப்பேச்சைவிட நம்புவார்.

கட்டுகிற அன்று கஸ்டமர் கேருக்கு போன் செய்து, அன்றைய தேதிக்கு மொத்தம் எவ்வளவு என்று கேட்டுக் கட்டுங்கள். பில்லில் இருப்பதைவிடக் கொஞ்சம் கூடத்தான் வரும். அப்படியும் அடுத்த மாதம் சில நாள் வட்டி என்று ஒரு சின்னத் தொகை வரலாம். பதறாமல் அதையும் முழுசாகக் கட்டிவிடுங்கள்.

ஷாப்பிங் ஆப்களில் சேமித்து வைத்திருக்கும் கார்டை இன்றைக்கே நீக்குங்கள். கார்டு பீரோவில் இருக்கட்டும், சாவி மனைவியிடம்.