ஜோடி ஸ்பீக்கருக்கு ஜோடியாகவே போங்கள்: கேள்வி பதில்

தீபாவளி போனஸ் வந்ததும் மதுரை டவுன்ஹால் ரோட்டிலும் பைபாஸ் ரோட்டிலும் கடை ஏறப் போகிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை. பாட்டு கேட்பதற்கான ஸ்டீரியோ, அதாவது இடது ஒன்று, வலது ஒன்று, அவ்வளவுதான். ஹோம் தியேட்டர் பற்றிக் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அது தனிக் கதை. கேள்வி எதுவாக ஆரம்பித்தாலும் முக்கால்வாசி "வீட்ல ஒத்துக்க மாட்டேங்கிறாங்க" என்றுதான் முடிகிறது. அதனால் அதையும் சேர்த்தே பேசிவிடுவோம்.

திருநகர்: அண்ணே, மூணரை அடி உயர டவர் ஸ்பீக்கர் பார்த்து வச்சிருக்கேன். வீட்டம்மா "இது ஹாலா, தியேட்டரா"ன்னு கேக்குறா. ஹால் 10-க்கு 14 அடி. எப்படிச் சம்மதிக்க வைக்கிறது?

சம்மதிக்க வைக்க வேண்டாம் தம்பி, அவர் சொல்வதுதான் சரி. 10 அடி இடைவெளியில் எதிரெதிராக இரண்டு கான்கிரீட் சுவர் நின்றால், 56 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 56 அதிர்வு) பக்கத்தில் வருகிற கனத்த ஒலி, அதாவது பேஸ், அவற்றுக்கு நடுவே மாட்டிக்கொண்டு வீங்கும். 14 அடிப் பக்கம் அதையே 40 ஹெர்ட்ஸில் செய்யும். டவர் ஸ்பீக்கர் அந்த இடத்தில்தான் தாராளமாக வாரிக் கொடுக்கும். கடையின் பெரிய அறையில் கம்பீரமாகக் கேட்ட பேஸ், உங்கள் ஹாலில் எல்லாப் பாட்டிலும் ஒரே "தும் தும்" ஆகிவிடும். ஐந்தேகால் அல்லது ஆறரை இஞ்ச் ஊஃபர் (பேஸ் தருகிற பெரிய கூம்பு) உள்ள, ஸ்டாண்டிலோ தட்டிலோ வைக்கிற சின்ன புக்ஷெல்ஃப் ஜோடி உங்கள் ஹாலுக்குத் தாராளம்.

வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஸ்பீக்கரின் நீள, அகல, உயரத்தைக் குறித்து வந்து, அதே அளவில் இரண்டு அட்டைப் பெட்டியை ஹாலில் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். பால்கனிக் கதவு இடிக்கிறதா, நடக்கும்போது காலைத் தட்டுகிறதா, டி.வி.யை மறைக்கிறதா என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். அந்த ஒரு வாரத்தில் அவர் பெட்டியை எங்கே நகர்த்தி வைக்கிறார் என்றும் கவனியுங்கள். இடம் முடிவானபின் மாடல் தேடுவது சுலபம். மாடலை முடிவு செய்துவிட்டு இடம் தேடினால் சண்டைதான்.

கே.கே. நகர்: சார், கடையில எங்க வீட்டுக்காரர் சத்தத்தைக் கூட்டி வச்சுக் கேட்டுட்டு "பிரமாதம்"ங்கிறார். எனக்கோ பத்து நிமிஷத்துல காது கூசுது. எனக்குத்தான் ரசனை இல்லைன்னு சிரிக்கிறார். அப்படித்தானா?

இல்லை அம்மா. வயது ஏற ஏற உச்ச ஸ்தாயிச் சத்தங்கள் காதில் விழுவது எல்லோருக்கும் குறையும். பொதுவாக ஆண்களுக்கு இது பெண்களைவிடச் சீக்கிரமே ஆரம்பித்துவிடுகிறது. நாற்பது தாண்டிய கணவருக்குக் "கணீர்" என்று இருப்பது மனைவிக்குக் கீச்சென்று குத்தினால், குறை ஸ்பீக்கரில் இருக்க வாய்ப்பு அதிகம். அதை அவர் காது பிடிக்கவில்லை, உங்கள் காது பிடித்துவிட்டது. ஸ்பீக்கர் வாங்கப் போகும்போது இரண்டாவது ஜோடிக் காது கூட வருவது எவ்வளவு பெரிய லாபம்! அதைப் பலர் ஏ.சி.யில் உட்கார்ந்து ஜூஸ் குடிக்க அனுப்பிவிடுகிறார்கள்.

"கூசுது" என்று நீங்கள் சொல்வதை நான் 2,000-லிருந்து 5,000 ஹெர்ட்ஸுக்குள் ஏதோ தூக்கலாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன். நம் காது ரொம்பக் கூர்மையாக இருக்கிற இடம் அதுதான். "குடத்துக்குள்ளே பாடுற மாதிரி" என்றால் 100, 200 ஹெர்ட்ஸ் பக்கம் வீக்கம். "ஸ், ஷ் எல்லாம் தெறிக்குது" என்றால் அது ட்வீட்டர், அதாவது உச்ச ஸ்தாயிக்கான சின்னக் குமிழ், சம்பந்தப்பட்ட விஷயம். டெக்னிக்கல் வார்த்தை தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம், தோன்றியதை அப்படியே சொல்லுங்கள்.

அடுத்த முறை போகும்போது இப்படிச் செய்யுங்கள். கடைக்காரர் விற்க நினைக்கிற ஜோடி பல சமயம் கொஞ்சம் கூடுதல் சத்தமாகத்தான் ஓடும். கொஞ்சம் சத்தமாக இருப்பதை நல்லதாக நினைப்பது மனிதக் காதின் சுபாவம், யாரும் விதிவிலக்கில்லை. அதனால் இரண்டு ஜோடியையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். போனில் இலவசமாகக் கிடைக்கிற, சத்தத்தை அளக்கிற டெசிபல் ஆப் ஒன்று இதற்குப் போதும். அப்புறம் உங்களில் ஒருவர் ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும், மற்றவர் எது ஓடுகிறது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட வேண்டும். பிராண்டும் விலையும் தெரியக் கூடாது. பிறகு இடம் மாறி உட்காருங்கள். இருவரும் ஒரே ஜோடியைச் சொன்னால் பிரச்சினை முடிந்தது. வேறு வேறு சொன்னால், யாருக்குக் கூசியதோ அவர் பேச்சைக் கேளுங்கள். பிரமாதம் என்ற எண்ணம் ஒரு மாதத்தில் பழகிப் போகும். கூச்சம் பழகாது, ஸ்பீக்கரை அணைக்கத்தான் வைக்கும்.

பாட்டு நீங்களே கொண்டு போங்கள். கடை டெமோவில் வருகிற கண்ணாடி உடைகிற சத்தமும் ஹெலிகாப்டரும் எந்த ஸ்பீக்கரிலும் நன்றாகத்தான் இருக்கும். நம்ம ஊரில் 1922-ல் பிறந்த டி.எம். சௌந்தரராஜனின் அறுபதுகளின் பாட்டு ஒன்று போடுங்கள். அந்தக் காலத்துச் சினிமாப் பதிவுகள் பெரும்பாலும் மோனோ, அதாவது இரண்டு பக்கமும் ஒரே ஒலி. நல்ல ஜோடியில் குரல் இரண்டு பெட்டிக்கும் சரியாக நடுவில், ஒன்றுமில்லாத இடத்தில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தாலோ அகன்று கலைந்தாலோ, ஜோடியிலோ வைத்த இடத்திலோ வயரிலோ ஏதோ கோளாறு. பின்னால் ஸ்டீரியோ ஆக்கி மெருகேற்றிய பதிவு இந்தச் சோதனைக்கு உதவாது. அடுத்து நாதஸ்வரம், தவில். மதுரையில் இருந்துகொண்டு நேரில் நாதஸ்வரம் கேட்காதவர் இருக்க மாட்டார், அதனால் ஒப்பிட வேறு எதுவும் தேவையில்லை.

செல்லூர்: ஹால்ல ஷோகேஸ் மட்டும்தான் இடம். அதுக்குள்ள வச்சா என்னண்ணே?

வைக்கலாம், முறையாக வைத்தால். ஸ்பீக்கரின் முகம் தட்டின் விளிம்போடு ஒட்டி நிற்கட்டும், உள்ளே தள்ளாதீர்கள். காற்றுத் துளை பின்பக்கம் இல்லாமல் முன்பக்கம் உள்ளதாகவோ, துளையே இல்லாத மாடலாகவோ பார்த்து வாங்குங்கள். ஏற்கெனவே பின்துளை உள்ளது கையில் இருந்தால், அந்தத் துளையைப் பஞ்சு ஃபோமால் அடையுங்கள். சுவரோரத்தில் வீங்குகிற பேஸ் அடங்கும், பல்லி குடியேறுவதும் நிற்கும். இரண்டும் ஒரே உயரத்தில், உட்கார்ந்தால் ட்வீட்டர் காது மட்டத்தில் வரும்படி இருக்க வேண்டும். ஒன்று மேல் தட்டில், ஒன்று கீழ்த் தட்டில் என்று வைத்தால் அது ஸ்டீரியோவே இல்லை. கண்ணாடிக் கதவு, வெள்ளிக் குத்துவிளக்கு, கொலு பொம்மை எல்லாம் பேஸுக்குக் கூடவே தாளம் போடும், அவற்றை வேறு தட்டுக்கு மாற்றிவிடுங்கள். எங்கே மாற்றுவது என்பது உங்கள் வீட்டம்மாவின் முடிவு!

உசிலம்பட்டி: ஐயா, நான் மைக் செட் போடுறவன். கல்யாண வீட்டு பாக்ஸ் ரெண்டு சும்மா கிடக்கு. அதையே வீட்டுல வச்சா போதாதா? சம்சாரம் கூடாதுங்கிறா.

பந்தல் கடைசி வரிசை வரைக்கும் போய்ச் சேரத்தான் அந்தப் பெட்டியைச் செய்திருக்கிறார்கள். குறைந்த வாட்ஸில் நிறையச் சத்தம் தரும். எட்டடி தூரத்தில் உட்கார்ந்து கேட்டால் ஹார்ன் முகத்தில் அடிக்கிற மாதிரி இருக்கும். மெல்லிய சத்தத்தில் பாட்டு கேட்பது அதில் சுகமில்லை. சம்சாரம் சொன்னதைக் கேளுங்கள். அந்தப் பெட்டியை முகூர்த்த நாளில் வாடகைக்கு விட்டால் இரண்டு சீசனில் வீட்டு ஸ்பீக்கருக்குக் காசு தேறிவிடும்.

அனுப்பானடி: மொத்தமே 30 ஆயிரம்தான். அசெம்பிள் ஆம்ப்ளிஃபையர் போட்டா மிச்சம் பிடிக்கலாமா? கடையில ஒருத்தர் 2,000 வாட்ஸ் PMPO செட் காட்டுறார்.

PMPO என்று எழுதியிருப்பதைப் படிக்கவே வேண்டாம். அதை அளக்க ஒரு பொது முறையும் கிடையாது, ஆளுக்கு ஒரு கணக்கு. RMS, அதாவது ஆம்ப் தொடர்ந்து தரக்கூடிய நிஜ வாட்ஸ், எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். உங்கள் ஹாலுக்குச் சேனலுக்கு, அதாவது ஒரு பக்கத்து ஸ்பீக்கருக்கு, 30 முதல் 50 வாட்ஸ் RMS போதும். 50-ஐ 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இருமடங்கு சத்தமாகத் தெரிய 10 டெசிபல் வேண்டும், அதற்கு வாட்ஸ் பத்து மடங்கு ஆக வேண்டும். அதைவிட ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டியை, அதாவது அதே வாட்ஸுக்கு எவ்வளவு சத்தம் தருகிறது என்பதைப் பாருங்கள். 85-க்குப் பதிலாக 88 டெசிபல் உள்ளதை எடுத்தால், இருக்கிற ஆம்பே இரண்டு மடங்கு பெரிதானதற்குச் சமம்.

அசெம்பிள் செட்டை நான் குறை சொல்ல மாட்டேன். 5200, 1943 நம்பர் டிரான்சிஸ்டர் போர்டும் நல்ல டிரான்ஸ்ஃபார்மரும் போட்டு, எர்த்தைச் சுத்தமாகக் கொடுக்கத் தெரிந்த மெக்கானிக் கிடைத்தால் பல வருஷம் உழைக்கும். போலி டிரான்சிஸ்டர் ஏராளமாக நடமாடுகிறது, ஆள் தெரிந்து கொடுங்கள். ஸ்பீக்கருக்கு 20, ஆம்புக்கு 9, மிச்சம் வயருக்கு. வயர் சுத்தச் செம்பில் ஒன்றரை ஸ்கொயர் எம்.எம். போதும். மீட்டருக்கு ஆயிரக்கணக்கில் சொல்கிற வயர்க் கதைகளை நான் வாங்குவதில்லை.

மேலூர்: மச்சான் அமெரிக்காவுல இருந்து வர்றார். ஸ்பீக்கர் கொண்டு வரச் சொல்லவா?

ஆம்ப் இல்லாத பேசிவ் ஸ்பீக்கர் என்றால் கரண்டோடு அதற்குச் சம்பந்தமே இல்லை, எந்த நாட்டிலிருந்தும் வரலாம். உள்ளேயே ஆம்ப் வைத்த பவர்டு ஸ்பீக்கர் என்றால் பின்னால் என்ன வோல்டேஜ் அச்சிட்டிருக்கிறது என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். 120 மட்டும் போட்டிருந்தால் நம்முடைய 230-ல் செருகிய அன்றே புகைதான். 100-240 என்று இருந்தால் கவலையில்லை. எடையையும் யோசியுங்கள், மச்சானின் லக்கேஜில் உங்கள் தங்கைக்கு எதுவும் வராமல் போனால் அந்தப் பஞ்சாயத்துக்கு நான் வர மாட்டேன்.

வில்லாபுரம்: ஸ்டீரியோன்னா நடுவுல உட்காரணுமாம். சோபாவுல நடு இடம் ஒண்ணுதானே சார் இருக்கு? நான் உட்கார்ந்தா அவருக்கு ஒரு பக்கம் மட்டும்தான் கேக்குது.

ரொம்ப நல்ல கேள்வி. வழக்கமாக இரண்டு ஸ்பீக்கரையும் கேட்பவர் காதைப் பார்த்து லேசாகத் திருப்புவார்கள். நீங்கள் இன்னும் நன்றாக உள்பக்கம் திருப்புங்கள், இரண்டின் பார்வையும் சோபாவுக்கு ஓரடி முன்னாலேயே ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளட்டும். இப்போது இடது ஓரம் உட்கார்ந்தவர், பக்கத்து ஸ்பீக்கரின் முகத்திலிருந்து விலகிவிடுகிறார். தூரத்து ஸ்பீக்கர் அவரை நேராகப் பார்க்கிறது. பக்கத்தில் இருப்பது கொஞ்சம் அடங்கி, தூரத்தில் இருப்பது கொஞ்சம் எடுப்பாகி, குரல் ஏறக்குறைய நடுவுக்கு வந்துவிடும். பக்கவாட்டில் சட்டென்று சத்தம் மங்குகிற ஸ்பீக்கரில் இது நன்றாகவே வேலை செய்யும். இருவரும் சேர்ந்தே கேட்கிறவர்கள் கடையிலும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தே கேட்டுப் பாருங்கள்.

சோழவந்தான்: புது வீடு, தரை முழுக்க டைல்ஸ். பேசினாலே எதிரொலி. விலை கூடின ஸ்பீக்கர் எடுத்தா சரியாயிடுமா?

ஆகாது. ஹால் நடுவில் நின்று கை தட்டுங்கள். "டிர்ர்" என்று வால் நீண்டால் முதல் செலவு திரைச்சீலைக்கும் ஜமுக்காளத்துக்கும். ஜன்னல் அகலத்தைப் போல இரண்டு மடங்கு துணி எடுத்து மடிப்பு மடிப்பாகத் தொங்க விடுங்கள். ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுத் தரையில் கனமான விரிப்பு, சோபாவுக்குப் பின்னால் புத்தக அலமாரி இருந்தால் இன்னும் நல்லது. இந்தத் துணியெல்லாம் பேஸை அடக்காது, குரலைத் தெளிவாக்கும். துணி எடுக்கத் தனியாகப் போகாதீர்கள், நிறம் பற்றிய கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

ஒத்தக்கடை: குழந்தைக்கு ரெண்டு வயசு. அப்புறம் நான் தினமும் தரை கழுவி விடுவேன். ஸ்பீக்கர் தாங்குமா அண்ணா?

தரையில் வைத்தால் தாங்காது தங்கச்சி. பெட்டி பெரும்பாலும் மர நாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை, அடியில் தண்ணீர் ஏறினால் உப்பிவிடும். உங்கள் பக்கத்தில் மேலூர் கிரானைட் கிடைக்குமே, கிச்சன் ஸ்லாப் வெட்டிய மிச்சத் துண்டு இரண்டைப் போட்டு அதன்மேல் ஸ்டாண்டை வையுங்கள். ஸ்டாண்டைச் சுவரோடு கட்டுங்கள், ஆடுகிற ஸ்டாண்ட் குழந்தைக்கு ஆபத்து. வலைமூடி கழற்ற முடியாத மாடலாக வாங்குங்கள். ட்வீட்டரின் குமிழ் சின்ன விரலைப் பார்த்தாலே அமுங்கிவிடும்.

திருமங்கலம்: கரண்ட் போய் இன்வெர்ட்டர்ல ஓடும்போது மட்டும் "ங்ங்"னு சத்தம் வருது.

ஸ்குவேர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கும். ஆம்ப் பழுதில்லை. அடுத்த முறை பியூர் சைன் வேவ் வாங்குங்கள், அதுவரை கரண்ட் இருக்கும்போது பாட்டு.

ஆரப்பாளையம்: அண்ணே, போன வாரம் வாங்கி மாட்டியாச்சு. பேஸே காணோம், குரல் எங்கேயோ மிதக்குது. "கடையில கேட்டது இது இல்லை, மாத்திக் குடுத்துட்டான்"னு மதினி, அதான் அண்ணன் சம்சாரம், அடிச்சுச் சொல்றாங்க. அண்ணன் ஒத்துக்க மாட்டேங்கிறார்.

மதினி சொல்வதில் பாதி சரி. ஸ்பீக்கர் மாறியிருக்காது, வயர் மாறியிருக்கும். ஆம்பை அணைத்துவிட்டு, சிவப்பு சிவப்புக்கும் கறுப்பு கறுப்புக்கும் போயிருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு பெட்டியில் மட்டும் தலைகீழாக இருந்தால், ஒரு ஊஃபர் வெளியே தள்ளும்போது இன்னொன்று உள்ளே இழுக்கும், பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும். அந்தப் பக்கத்து வயரை மட்டும் மாற்றிப் போட்டு, மேலே சொன்ன பழைய டி.எம்.எஸ். பாட்டை ஓட விடுங்கள். குரல் நடுவில் வந்து நின்றதா என்று மதினியைக் கேளுங்கள். அப்போதும் வரவில்லை என்றால், பில்லையும் அவரையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள்.