எஞ்சினைவிடச் சேஸிஸை முதலில் பாருங்கள்

3,20,000 கிலோமீட்டர் ஓடிய டீசல் ஜீப்பை வாங்கலாமா, எஞ்சின் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் கவலை சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம் மீதுதான். எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்துவிடலாம். உள்ளிருந்து துருப்பிடித்த சேஸிஸை மீட்பது பெரும்பாடு. வண்டிக்கு அடியில் படுத்து, பின்சக்கரங்களுக்கு அருகே வளையும் பகுதியைச் சிறு சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது. சத்தம் மந்தமாக இருந்தாலோ, துரு செதில் செதிலாக உதிர்ந்தாலோ விலை பேசவே வேண்டாம். புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால், அது துருவை மறைக்கவும் இருக்கலாம்; இன்னும் கவனமாகத் தட்டுங்கள்.

அடுத்து, டிஃபரன்ஷியல் (எஞ்சின் விசையை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) ஆயில். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, பேரிங்குகளும் கெட்டிருக்கலாம். கடைசியாக, எஞ்சின் சூடாகி ஓடும்போது எஞ்சின் ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்துங்கள். புகை குபுகுபுவென்று விசையோடு வந்தால் பிஸ்டன் ரிங்குகள் (பிஸ்டனைச் சுற்றி வாயு கசியாமல் அடைக்கும் வளையங்கள்) தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.