கொட்டேஷனில் எல்லாம் நல்ல பொருள்தான், ஆனால் சேருமா?

கேள்வி: என் மகள் இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு. புரோகிராமிங் பழக ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தரலாம் என்று சென்னை ரிச்சி தெருவில் கொட்டேஷன் வாங்கினேன். இன்டெல் ஐ5-12400எஃப் பிராசசர், டி4 என்று முடியும் எச்610 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்5 ராம் ஒன்று, 500 ஜிபி என்விஎம்இ (வேகமான ரக) எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) சேர்ந்தே வரும் கேபினட். கிராபிக்ஸ் கார்டு இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இதெல்லாம் ஒன்றோடொன்று சேருமா?
– ஒரு தந்தை, விழுப்புரம்

பதில்: இந்தப் பட்டியலை அப்படியே வாங்கிவிடாதீர்கள். இரண்டு இடத்தில் இடிக்கிறது.

முதலில் பிராசசர். இன்டெல் பிராசசரின் பெயர் எஃப் என்று முடிந்தால், அதற்குள் கிராபிக்ஸ் வசதி கிடையாது. தனி கார்டு போடாவிட்டால் திரையில் எதுவும் வராது. போர்டின் பின்பக்கம் எச்டிஎம்ஐ போர்ட் இருக்கும், கேபிள் சரியாக உட்காரும், ஃபேன் சுற்றும், ஆனால் மானிட்டர் ‘நோ சிக்னல்’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும். இதைப் பழுது என்று நினைத்துக் கடைக்கு அலைகிறவர்கள் நிறைய. எஃப் இல்லாத ஐ5-12400 கேளுங்கள். கொஞ்சம் விலை கூடும், ஆனால் மகளின் வேலைக்கு அதிலிருக்கும் கிராபிக்ஸே தாராளம்.

அடுத்தது ராம். 12, 13, 14-ஆம் தலைமுறை இன்டெல் பிராசசர்கள் டிடிஆர்4, டிடிஆர்5 என்ற இரண்டு ராம் ரகங்களையுமே ஏற்கும். ஆனால் போர்டு ஏதாவது ஒன்றுக்குத்தான் செய்யப்பட்டிருக்கும். டி4 என்று முடியும் போர்டில் டிடிஆர்4 மட்டுமே. இரண்டு ராமிலும் 288 பின்தான், நீளமும் ஒன்றுதான். நடுவில் இருக்கும் சிறிய வெட்டு மட்டும் சற்றுத் தள்ளி இருக்கும். இறங்கவில்லையே என்று அழுத்தினால் ஸ்லாட் உடைந்துவிடும். டிடிஆர்4-இல் 8 ஜிபியாக இரண்டு வாங்குங்கள். தனி கார்டு இல்லாதபோது திரைக்கும் ராமிலிருந்துதான் இடம் போகும், இரண்டாகப் போட்டால் வேகம் கூடும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: இந்த ரகப் போர்டுகளில் பொதுவாக இரண்டு ஸ்லாட்தான், பின்னால் கூட்ட வேண்டுமானால் பழையதைக் கழற்ற வேண்டும்.

தனித்தனியாகப் பார்த்தால் பட்டியலில் இருப்பவை எல்லாமே நல்ல பொருள்கள்தான். ஒன்று ஸ்டாக் இல்லாதபோது “இதுவும் அதே மாதிரிதான் சார்” என்று வேறொன்றை எழுதுவார்கள், அங்கேதான் சிக்கல் நுழைகிறது. ஒரு பொருள் மாறினாலும் மொத்தப் பட்டியலையும் மறுபடி சரிபாருங்கள். போர்டின் முழு மாடல் பெயரை வாங்கி, அந்தக் கம்பெனியின் இணையதளத்தில் சிபியு (அதாவது பிராசசர்) சப்போர்ட் பட்டியலைப் பாருங்கள். கடைக்காரர் சொல்வதைவிட, நான் சொல்வதைவிட, அதுதான் கடைசி வார்த்தை.

எஸ்எஸ்டி பிரச்சினை இல்லை, போர்டில் என்விஎம்இ ஏற்கும் எம்.2 ஸ்லாட் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கேபினட்டோடு வரும் மலிவான எஸ்எம்பிஎஸ் வேண்டவே வேண்டாம். மற்ற எல்லாவற்றுக்கும் மின்சாரம் அது வழியாகத்தான் போகிறது. பின்னால் ஆர்டிஎக்ஸ் 4060 போன்ற கார்டு போடும் எண்ணம் இருந்தால், என்விடியா பரிந்துரைப்பது 550 வாட். இப்போதே அந்த அளவில் நல்லதாக வாங்கிவிடுங்கள்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பது முறையற்ற வணிகம். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். ஆனால் டி4 போர்டில் சேராத டிடிஆர்5 ராம் பழுதான பொருள் அல்லவே! அதை மாற்றித் தருவது கடைக்காரரின் நல்ல மனசைப் பொறுத்தது. அதனால், சேராவிட்டால் மாற்றித் தருவதாகப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள், ஒவ்வொரு பொருளின் சீரியல் எண்ணோடு. பணம் கொடுக்கும் முன் போர்டைத் திறக்கச் சொல்லி, பிராசசர் உட்காரும் சாக்கெட்டை செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். பின்கள் ஒரே வரிசையாக மின்ன வேண்டும். ஒன்று வளைந்திருந்தாலும் பிறகு வாரண்டி கிடைப்பது கஷ்டம்.

கேள்வி: ஏஎம்டி ரைசன் 5 2600 பிராசசர், பி450 போர்டு வைத்திருக்கிறேன். வேகம் போதவில்லை. போர்டு, ராம் எல்லாம் மாற்ற வேண்டும் என்கிறார் கடைக்காரர். உண்மையா?
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: அவசியமில்லை, தம்பி. உங்கள் போர்டில் இருப்பது ஏஎம்4 சாக்கெட். ரைசன் 5 5600 அதே சாக்கெட்டில் உட்காரும், இப்போதுள்ள டிடிஆர்4 ராமும் அப்படியே இருக்கலாம். கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிடாதீர்கள், 5600-இலும் உள் கிராபிக்ஸ் கிடையாது. ரைசன் 7000 வரிசை மட்டும் வேண்டாம். அது ஏஎம்5, அதற்குத்தான் போர்டும் டிடிஆர்5 ராமும் புதிதாக வாங்க வேண்டியிருக்கும்.

பழைய பிராசசரைக் கழற்றும் முன்பே பயாஸை, அதாவது கம்ப்யூட்டரை எழுப்பும் போர்டின் உள் மென்பொருளை, அப்டேட் செய்யுங்கள். பழைய பயாஸுக்கு 5600-ஐத் தெரியாது, மாட்டினாலும் கம்ப்யூட்டர் எழுந்திருக்காது. எந்தப் பதிப்பு தேவை என்பது உங்கள் போர்டின் சப்போர்ட் பட்டியலில் 5600-க்கு நேராகவே போட்டிருக்கும். அப்டேட் நடக்கும்போது கரண்ட் போனால் போர்டே படுத்துவிடும் என்பதால், யுபிஎஸ் இருக்கும் வீட்டில் வைத்துச் செய்யுங்கள்.