எலா ஃபிட்ஸ்ஜெரால்டின் குரல்வழியே ஜாஸை ரசிக்கக் கற்க முடியுமா?

வாத்திய ஜாஸ் பிடிபடவில்லை, அமெரிக்க ஜாஸ் பாடகி எலாவின் பாடல்கள் மட்டும் பிடிக்கின்றன, அவற்றிலிருந்து தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகத் தொடங்கலாம், அதைவிட நல்ல வாசல் இல்லை என்பேன். 1960இல் பெர்லின் மேடையில் ‘மேக் த நைஃப்’ பாடியபோது அவருக்கு வரிகள் மறந்துபோயின. ஆயினும் அவர் நிறுத்தாமல், தாளத்தையும் மெட்டின் சட்டகத்தையும் விடாது பற்றிக்கொண்டு, புதுச் சொற்களை அக்கணமே புனைந்து, ஜாஸ் பாடகர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கரகரத்த குரலையும் போலச்செய்து பாடி முடித்தார் (அந்தப் பதிவுக்குக் கிராமி விருதும் கிடைத்தது). சட்டகம் நிலைத்திருக்க, அதன்மேல் மெட்டு மாறிக்கொண்டே போவதுதான் ஜாஸின் உயிர். பொருளற்ற அசைகளால் அவர் பாடும் ‘ஸ்கேட்’ பகுதிகளில் குரலே ஒரு வாத்தியமாகிவிடுகிறது. மூல மெட்டு மனத்தில் பதியும்வரை ஒரே பாடலைத் திரும்பத் திரும்பக் கேட்டு, பிறகு ஸ்கேட் வரும்போது அம்மெட்டை உள்ளுக்குள் முணுமுணுத்தபடி கேளுங்கள்; அதற்கடுத்து அதே பாடலின் சாக்ஸஃபோன் பதிவுக்குச் செல்லலாம்.