துப்பாக்கிக் கட்டையைச் செப்பனிடுதலும் வண்ணம் பூசுதலும்: கேள்வி பதில்

ரைபிளின் கட்டை என்பது கையில் பிடித்துத் தோளில் அணைக்கும் பகுதி. மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன அந்தக் கட்டையை வீட்டிலேயே சரிசெய்ய விரும்புகிறவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். எந்தப் பதிலைப் படித்து வேலையில் இறங்கினாலும் முதலில் தோட்டாக்கள் அடுக்கும் பெட்டியான மேகசினைக் கழற்றுங்கள். பிறகு குழலின் பின்வாயை மூடும் போல்ட்டைத் திறந்து, தோட்டா உட்காரும் குண்டறை காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். வேலை நடக்கும் மேசையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது.

ஐயா, வார்னிஷ் உரிந்துவிட்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத் தொடங்கலாமா?

வேண்டாம். கட்டைகள் பெரும்பாலும் கெட்டுப்போவது உப்புத்தாளால்தான். முதலில் குழலையும் அதனோடு சேர்ந்த இரும்புப் பாகங்களையும் கட்டையிலிருந்து பிரித்தெடுங்கள். திருகாணியின் பள்ளத்தில் ஆட்டமில்லாமல் உட்காரும் திருப்புளி தேவை. பொருந்தாத திருப்புளி வழுக்கினால் திருகாணியின் தலையும் கெடும், பக்கத்து மரமும் கீறும். கழற்றிய இரும்புப் பாகத்தைப் பூட்டி வைத்துவிட்டுக் கட்டையோடு மட்டும் வேலை செய்யுங்கள்.

பழைய பூச்சை நீக்க, பெயிண்ட் நீக்கி திரவத்தைப் பூசி ஊறவிட்டு, பிளாஸ்டிக் தகட்டால் வழித்தெடுங்கள். கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில் இதைச் செய்ய வேண்டும். பிடியில் இருக்கும் வைரக்கட்டச் செதுக்கலில் பழைய பல்துலக்கியால் மெல்லத் தேய்த்தால் போதும். உப்புத்தாள் பட்டால் அந்தக் கூர்முனைகள் மழுங்கிப்போகும். பூச்சு நீங்கிய பிறகு 220 எண் தாளில் தொடங்கி 320இல் முடியுங்கள். தட்டையான இடங்களில் தாளுக்குப் பின்னால் ஒரு மரத்துண்டு இருக்கட்டும். இரும்பைச் சந்திக்கும் விளிம்புகளைத் தொடவே வேண்டாம். நல்ல வேலைப்பாடுள்ள கட்டையில் அந்த இடத்தில் மரம் இரும்பைவிட இம்மியளவு உயர்ந்து நிற்கும். அதைத் தேய்த்துத் தாழ்த்திவிட்டால் திரும்பப் பெற வழியில்லை.

கட்டை பாறையில் மோதிப் பள்ளம் விழுந்திருக்கிறது. மரப்பசை வைத்து நிரப்பலாமா?

மர இழை அறுந்திருக்கிறதா, அமுங்கி மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். அமுங்கிய இழை ஆவி பட்டால் எழுந்துவிடும். பூச்சு நீக்கிய மரத்தில் பள்ளத்தின் மேல் சில சொட்டுத் தண்ணீர் விட்டுச் சற்று ஊறவிடுங்கள். நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியை மடித்து வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியின் முனையால் சில விநாடிகள் மட்டும் அழுத்துங்கள். உஸ்ஸென்று ஆவி கிளம்பும். துணி காயும் முன் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் மரம் கருகும். விரலால் தடவிப் பாருங்கள், பள்ளம் மேலேறியிருக்கும். ஆழமான பள்ளத்துக்குத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். இழை அறுந்த காயத்தை ஆவி சரிசெய்யாது. அதற்கு மட்டும், அதே கட்டையிலிருந்து தேய்த்த மரத்தூளை எபாக்ஸியில் (இரண்டு பாகங்களைக் கலந்ததும் இறுகும் பசை) குழைத்து நிரப்புங்கள்.

குழலின் பின்பகுதி முடியும் இடத்தில், பிடியை நோக்கி மெல்லிய விரிசல் ஓடுகிறது. பசை தடவினால் நிற்குமா?

பசை நிற்கும். ஆனால் விரிசலின் காரணத்தைக் களையாவிட்டால் பக்கத்திலேயே இன்னொன்று பிளக்கும்.

சுடும்போது இரும்புப் பாகம் பின்னோக்கி உதைக்கிறது. அந்த உதையைத் தாங்க வேண்டியது குண்டறைக்குக் கீழே உள்ள உதைதாங்கி முனை. மாசர் 98 போன்ற ரைபிள்களில் அது தடித்த இரும்புக் கட்டியாக இருக்கும். அது உட்காரும் மரச்சுவர் தேய்ந்தாலோ எண்ணெய் ஊறி மென்மையானாலோ, இரும்பு சற்றே பின்னே நகர்ந்து அதன் மெல்லிய வால்முனை மரத்தில் ஆப்பு இறங்குவதுபோல் இறங்கும். உங்கள் விரிசல் பெரும்பாலும் அப்படி வந்ததுதான்.

அசிட்டோனை விரிசலுக்குள் விட்டு எண்ணெயைக் கழுவி, முழுதும் உலரவிடுங்கள். மெதுவாக இறுகும் எபாக்ஸியைச் சற்றுச் சூடுகாட்டினால் இளகும். விரிசலை இலேசாக விரித்து, மெல்லிய தகட்டால் அதை உள்ளே தள்ளுங்கள். மறுபக்கம் பசை கசிந்தால் உள்ளே நிறைந்துவிட்டது என்று அர்த்தம். கசிந்ததைத் துடைத்து, ரப்பர் பட்டையால் இறுகச் சுற்றி ஒரு நாள் விட்டுவிடுங்கள். பிறகு வால்முனைக்குப் பின்னால் மரத்தை ஒரு தாள் நுழையும் அளவுக்குச் சீவி இடைவெளி விடுங்கள். உதைதாங்கியின் பின்சுவரை எபாக்ஸியால் கட்டியெழுப்புவதும் அவசியம். அப்போது இரும்பில் மெழுகோ ஒட்டாமை திரவமோ தடவ மறந்தால் இரண்டும் பிரியாமல் ஒட்டிக்கொள்ளும். பிடியின் குறுக்கே முழுதாக ஓடிய பிளவு என்றால் வீட்டில் தொடாதீர்கள், துப்பாக்கித் தச்சரிடம் கொடுங்கள்.

இரும்பைச் சுற்றியுள்ள மரம் எண்ணெய் ஊறிக் கறுத்துவிட்டது. அடுப்பு சுத்தம்செய்யும் நுரை நன்றாக இழுக்கும் என்கிறார்களே?

அதில் காரச் சோடா இருக்கிறது. எண்ணெயை இழுக்கும்தான், கூடவே மர இழையையும் அரித்து நிறத்தையும் மாற்றிவிடும். சுண்ணாம்புக்கட்டித் தூளை அசிட்டோனில் குழைத்துத் தடித்த பூச்சாகப் போடுங்கள். அசிட்டோன் ஆவியாகும்போது எண்ணெய் தூளுக்கு ஏறி அது மஞ்சளாகும். துலக்கி எடுத்துவிட்டு, தூள் வெள்ளையாகவே நிற்கும்வரை திரும்பப் போடுங்கள். அருகில் நெருப்பு கூடவே கூடாது.

பழைய ராணுவக் கட்டையில் முத்திரைகள் இருக்கின்றன. அவற்றையும் தேய்த்துப் புதிதுபோல் ஆக்கலாமா?

கூடாது. அந்த முத்திரைகள்தான் அதன் வரலாறு, சேகரிப்பவர்களிடம் அதன் மதிப்பும் அவைதான். சோப்புத் துணியால் அழுக்கைத் துடைத்து, மெல்ல எண்ணெய் தடவி நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆளிவிதை எண்ணெயை எப்படிப் பூசுவது? எனக்குப் பல நாளாகியும் பிசுபிசுக்கிறது.

உலர்த்தி சேர்க்காத பச்சை எண்ணெயைப் பூசியிருப்பீர்கள், அல்லது தடிமனாகப் பூசியிருப்பீர்கள். உலர்த்தி சேர்த்து விற்கும் 'காய்ச்சிய' எண்ணெயை வாங்குங்கள். அதற்கு முன் ஈரத்துணியால் மரத்தைத் துடையுங்கள். இழைகள் மயிர்போல் எழும்பும். காய்ந்தபின் அவற்றை 320 தாளால் சீவிவிட்டு, உள்ளங்கை சூடேறும்வரை சில சொட்டுகளைத் தேய்த்து ஏற்றுங்கள். கால் மணி நேரம் கழித்து மேலே நிற்கும் எண்ணெயை முழுதும் துடைத்துவிட வேண்டும். அடுத்த பூச்சு மறுநாள்தான். பிசுபிசுப்பு இருந்தால் டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்தெடுத்துவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள்.

துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். இந்த எண்ணெய் உலரும்போது வெப்பம் உண்டாகிறது. சுருண்ட துணிக்குள் அது வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் மூழ்கவைத்து மூடுங்கள்.

இரும்புக் கம்பளியால் மெருகேற்றினேன். இப்போது கரும்புள்ளிகள் தெரிகின்றன.

வால்நட் மரத்தில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது. இரும்புத் துகளும் ஈரமும் சேர்ந்தால் கறுத்துவிடும். ஆக்சாலிக் அமிலக் கரைசல் கறையை எடுக்கும். அது நஞ்சு என்பதால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பிறகு நிறையத் தண்ணீரால் கழுவி உலர்த்துங்கள். நீர் கலந்த பூச்சுக்கு முன் இரும்புக் கம்பளிக்குப் பதில் செயற்கை இழைப் பட்டையால் தேய்ப்பதே நல்லது.

பிளாஸ்டிக் கட்டைக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்கலாமா? மரத்துக்கு?

இரண்டுக்கும் அடிக்கலாம். 1959இல் வந்த ரெமிங்டன் நைலான் 66 ரைபிளின் கட்டை நைலானால் ஆனது. எண்ணெய்ப் பசை படிந்த நைலானில் பெயிண்ட் பிடிக்காது. சோப்பால் கழுவி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, 400 தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்து, பிளாஸ்டிக்குக்கான பிரைமர் என்ற அடிப்பூச்சை அடியுங்கள். பிறகு 25 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து மெல்லிய பூச்சுகள். கேன் நகரத் தொடங்கியபின் பொத்தானை அழுத்துங்கள், நகர்ந்துகொண்டிருக்கும்போதே விடுங்கள். நின்ற இடத்தில் அழுத்தினால் வழியும். மரத்தில் எண்ணெயோ மெழுகோ முன்பு பூசியிருந்தால் அதை நீக்காமல் பெயிண்ட் பிடிக்காது.

குழல் ஓடும் வாய்க்காலையும் உதைதாங்கி உட்காரும் இடத்தையும் டேப் ஒட்டி மறையுங்கள். அங்கே ஏறும் பெயிண்ட் பொருத்தத்தை மாற்றிவிடும். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக உடனே பூட்டவும் கூடாது. உள்ளே இறுகச் சில நாள் ஆகும், அவசரப்பட்டால் திருகாணிக்கடியில் பெயிண்ட் நசுங்கும்.

எல்லாம் முடித்துப் பூட்டினேன். இப்போது குறி விலகுகிறது. கட்டை கெட்டுவிட்டதா?

கெடவில்லை. இரும்பைப் பிரித்துப் பூட்டினாலே குறி சற்று நகர்வதுண்டு. குழல் கட்டையைத் தொடாமல் நிற்கும் அமைப்பு என்றால், குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு தாளைச் செருகிப் பின்னோக்கி இழுங்கள். சிக்குமிடத்தில் பூச்சு திரண்டிருக்கும், அதைச் சீவுங்கள். திருகாணிகளை, தயாரிப்பாளர் சொன்ன முறுக்கு அளவில், ஒன்றையே முழுதும் இறுக்காமல் மாறிமாறி இறுக்குங்கள். கட்டையின் தோளில் படும் முனையிலுள்ள பின்தகட்டைக் கழற்றி, அதன் அடியில் மரத்தின் வெட்டுமுகத்துக்கும் எண்ணெய் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஈரம் அதிகம் ஏறுவது அந்த முகத்தின் வழியாகத்தான், ஈரமேறிய மரம் ஊதிக் குழலைத் தள்ளும். இவற்றையெல்லாம் சரிபார்த்த பிறகு, சுடுதளத்தில் புதிதாகக் குறி சேருங்கள்.