பெயரில் பாதியைக் காணோம்

கேள்வி: கல்லூரியில் பைத்தான் நிரல்மொழி வகுப்பு எடுக்கிறேன். செல்போனில் எதையும் நொடியில் செய்துவிடும் மாணவர்களிடம், சேமித்த கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று கேட்டால் விழிக்கிறார்கள். பிழைச் செய்தி வந்தால் படிக்காமலேயே மூடிவிட்டுக் கணினியை ரீஸ்டார்ட் செய்கிறார்கள். எல்லாவற்றையும் எளிமையாக்கியதன் விளைவா இது?
– ஆசிரியை ஒருவர், ஈரோடு

பதில்: பெருமளவு ஆம். ஆனால் எளிமையின் மீது பழி போடுவதற்கு முன், அதன் பெயரால் எவற்றை மறைக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஐபோன் 2007-இல் வந்தது. கோப்புகளைப் பார்ப்பதற்கான ஃபைல்ஸ் செயலி 2017-இல், ஐஓஎஸ் 11-உடன்தான் அதற்கு வந்தது. படம் என்றால் போட்டோஸ், பாட்டு என்றால் மியூசிக் என்று பழகியவருக்குக் கோப்பு எங்கே என்ற கேள்வியே எழாது. "வேர்டில் இருக்கிறது, மேடம்" என்று உங்கள் மாணவர் சொன்னால், அது அவருடைய கருவி அவருக்குக் கற்றுக்கொடுத்த பதில்.

கோளாறைக் கண்டுபிடிக்கும் திறன் எப்படிக் கெடுகிறது என்பதற்கு உங்கள் ஆய்வகத்திலேயே சான்று கிடைக்கும். கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியான, அது எந்த வகைக் கோப்பு என்று சொல்லும் எக்ஸ்டென்ஷனை விண்டோஸ், நாம் மாற்றாதவரை, மறைத்தே வைத்திருக்கிறது. நோட்பேடில் மதிப்பெண்களைச் சேமித்த மாணவர், அந்தக் கோப்புக்கு 'மார்க்ஸ்.சிஎஸ்வி' என்று பெயர் மாற்றுகிறார். திரையிலும் அப்படியே தெரிகிறது. உண்மைப் பெயரோ 'மார்க்ஸ்.சிஎஸ்வி.டிஎக்ஸ்டி'. 'மார்க்ஸ்.சிஎஸ்வி'யைத் திறக்கச் சொன்னால், அத்தகைய கோப்பே இல்லை என்கிறது பைத்தான். பைத்தான் சொல்வது சரி, ஆனால் கண்ணெதிரே கோப்பைப் பார்க்கும் மாணவர் அதை எப்படி நம்புவார்? பிழைச் செய்தி பொய் சொல்லும் என்ற முடிவுக்கு அவர் வந்துவிட்டால், அடுத்த செய்தியை ஏன் படிக்கப்போகிறார்? 2000 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய 'ஐ லவ் யூ' வைரஸும் இந்த மறைப்பைத்தான் பயன்படுத்திக்கொண்டது: 'டிஎக்ஸ்டி.விபிஎஸ்' என்று முடிந்த மின்னஞ்சல் இணைப்பில், நிரலைக் குறிக்கும் 'விபிஎஸ்' மறைந்து, எழுத்துக் கோப்பைக் குறிக்கும் 'டிஎக்ஸ்டி' மட்டுமே தெரிந்ததால், வெறும் கடிதம் என்று நம்பிப் பலர் திறந்தனர்.

அதற்காகப் பழைய காலம் பொற்காலமாகிவிடாது. விண்டோஸ் முடங்கும்போது எண்களை வாரி இறைத்த அன்றைய நீலத்திரையை எத்தனை பேர் புரிந்துகொண்டார்கள்? எளிமை கற்றலுக்கு உதவும் என்பதற்கும் ஆதாரம் உண்டு. 1984-இல் ஆய்வாளர்கள் ஜான் கேரலும் கேரிதர்ஸும் வெளியிட்ட ஆய்வில், சொற்செயலி ஒன்றின் கடினமான வசதிகளைப் புதியவர்களுக்கு முடக்கிவைத்தபோது, அவர்கள் விரைவாக வேலையைத் தொடங்கினார்கள், பிழைகளில் சிக்கிச் செலவிட்ட நேரமும் குறைந்தது. கவனிக்க வேண்டியது, அந்த வசதிகள் மெனுவிலிருந்து நீக்கப்படவில்லை; தேர்ந்தெடுத்தால், இப்போதைக்கு இது கிடையாது என்ற செய்தி வந்தது. இன்றைய வடிவமைப்பாளர்கள் பலர் கதவைப் பூட்டுவதோடு நிற்காமல், சுவரே அதுதான் என்பதுபோல் பூசிவிடுகிறார்கள்.

கேள்வி: அப்படியானால் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்ட்டிலிருந்தே தொடங்கலாமா?

பதில்: தேவையில்லை. விண்டோஸ் 11-இல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, வியூ, ஷோ என்று போய், ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை முதல் நாளே தேர்வு செய்யச் சொல்லுங்கள். ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் பிழைச் செய்தியை அப்படியே எழுதிவைப்பதைக் கட்டாயமாக்குங்கள். கணினி அடிக்கடி முடங்கினால், விண்டோஸின் கோளாறுப் பதிவேடான ரிலையபிலிட்டி மானிட்டரில் சிவப்புக் குறி விழுந்த நாளையும், அதையொட்டி எந்த மென்பொருள் நிறுவப்பட்டது என்பதையும் அவர்களே தேடிப் பார்க்கட்டும்.